சோதனை ஓடவே இல்லை, திரையில் மட்டும் ‘தேர்ச்சி’

2023 டிசம்பர் 9ஆம் தேதி, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.3ஆம் பதிப்பு வெளிவந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாகப் பயனர்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது: இப்போதைக்கு உங்கள் கணினியைப் புதுப்பிக்க வேண்டாம், புதிய கெர்னலில் உள்ள ஒரு பிழை உங்கள் கோப்புகளைச் சிதைக்கக்கூடும். மறுநாள் திருத்திய கெர்னலுடன் 12.4 வெளிவந்தது. இடையில் 12.3 காணாமல் போனது.

அந்தப் பிழை வந்த வழி விசித்திரமானது. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமைக்காகப் புதிய கெர்னலில் எழுதப்பட்ட ஒரு திருத்தத்தை எடுத்து, நீண்டகால ஆதரவு பெறும் பழைய 6.1 வரிசையில் சேர்த்தார்கள். திருத்தத்தில் குற்றமில்லை. ஆனால் அது வேறொரு சிறிய மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த மாற்றம் புதிய கெர்னலில் ஏற்கெனவே இருந்தது, 6.1இல் இல்லை. திருத்தம் மட்டும் வண்டி ஏறியது, அது நம்பியிருந்த துணை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

விளைவு என்ன? சில மென்பொருள்கள் வட்டில் நேரடியாக எழுதும். ஒருமுறை எழுதி முடித்ததும், ‘அடுத்து எழுத வேண்டிய இடம் இது’ என்று காட்டும் குறி முன்னே நகர வேண்டும். பிழையுள்ள கெர்னலில் அது நகரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே இறக்காமல் அதே வரியின் மேல் அடுத்ததை எழுதுவதைப் போல, அடுத்த தரவு தவறான இடத்தில் போய் விழுந்தது. லினாரோ நிறுவனம் நடத்தும் தானியங்கிச் சோதனைகளில் ஒன்று தோல்வி கண்டதால்தான் இந்தக் குட்டு வெளிப்பட்டது. சூசே நிறுவனத்தின் யான் காரா அதைத் துருவிப் பார்த்து, உடன் வராத அந்தத் துணை மாற்றத்தைக் கண்டுபிடித்தார்.

ஒன்று இன்னொன்றை நம்பி நிற்பதைக் கணினி உலகில் ‘டிபெண்டன்சி’ என்கிறார்கள். தமிழில் சார்பு என்று சொல்லலாம். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று எழுதிவைப்பது மிகச் சாதாரணமான, யாரும் பெருமையாகப் பேசிக்கொள்ளாத வேலை. கணினி படிக்கும் மாணவர்களிடம் ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால் செயற்கை நுண்ணறிவு, செயலி வடிவமைப்பு, இணையப் பாதுகாப்பு என்று பதில் வரும். ‘நிறுவ வேண்டிய பொதிகளின் பட்டியலைச் சரிபார்க்கிறேன்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் ஒரு திறமூல மென்பொருளில் அந்தப் பட்டியல் எவ்வளவு கனமானது என்று பார்த்தால், இந்த மதிப்பீட்டை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எஸ்.ஜி.ஐ. விட்டுச் சென்ற சொத்து

முதலில் கோப்பு முறைமை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கைப்பேசியோ, மடிக்கணினியோ, பென்டிரைவோ, அதன் உள்ளே இருப்பது எண்ணிடப்பட்ட கட்டங்கள் மட்டுமே. உங்கள் இடுபணிக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது, அதன் பெயர் என்ன, யார் திறக்கலாம், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதையெல்லாம் கணக்கு வைப்பதுதான் கோப்பு முறைமை. அந்தக் கணக்கில் பிசகு நேர்ந்தால் தரவு வட்டிலேயே இருந்தும் கைக்கு வராது. பட்டியல் இல்லாத பெரிய நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடுவது போல ஆகிவிடும்.

லினக்ஸில் பல கோப்பு முறைமைகள் உண்டு. எக்ஸ்ட்4, பட்டர்எஃப்.எஸ்., எக்ஸ்.எஃப்.எஸ். ஆகியவை பரவலானவை. சாம்சுங் உருவாக்கிய எஃப்2எஃப்.எஸ். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருக்கிறது. இவற்றில் எக்ஸ்.எஃப்.எஸ்., அமெரிக்காவின் சிலிக்கன் கிராஃபிக்ஸ் எனும் எஸ்.ஜி.ஐ. நிறுவனத்தில் 1993இல் உருவாகத் தொடங்கி, 1994இல் அந்நிறுவனத்தின் ஐரிக்ஸ் இயங்குதளத்தில் வெளிவந்தது. பின்னர் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டு லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே, அதைச் சோதிப்பதற்காக நிறுவனத்துக்குள் எழுதி வைத்திருந்த சோதனைகளும் வெளியே வந்தன. அதுதான் எக்ஸ்.எஃப்.எஸ். டெஸ்ட்ஸ். இன்று சுருக்கமாக எஃப்.எஸ். டெஸ்ட்ஸ் என்றும் அழைக்கிறார்கள். எஸ்.ஜி.ஐ. 2009இல் திவால் நடவடிக்கையில் சிக்கிக் கைமாறிப் போனது. அது விட்டுச் சென்ற சோதனைத் தொகுப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே இருக்கிறது.

பெயரில் எக்ஸ்.எஃப்.எஸ். இருந்தாலும் இப்போது எல்லாக் கோப்பு முறைமைக்கும் இது பொதுச் சொத்து. ‘ஜெனரிக்’ என்ற பிரிவில் யாவருக்குமான சோதனைகள், பிறகு ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் தனிப் பிரிவு என மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். ஒவ்வொன்றும் ஒரு சிறு நிரல். அதற்குப் பக்கத்திலேயே எதிர்பார்க்கப்படும் விடை ஒரு கோப்பாக வைக்கப்பட்டிருக்கும். நிரலை ஓட்டி, வந்த விடையையும் வைத்திருக்கும் விடையையும் ஒப்பிடுவார்கள். ஓர் எழுத்து மாறினாலும் தோல்வி. எஸ்.பி.எம். விடைத்தாளைத் திருத்துபவர்கூட இவ்வளவு கறாராக இருக்கமாட்டார்.

மூன்றாவது முடிவு

தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டோடு இந்தத் தொகுப்பில் மூன்றாவது முடிவு ஒன்றும் உண்டு. ‘நாட் ரன்’, அதாவது ஓட்டப்படவில்லை. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

ஒரு சோதனை தொடங்கும்போது முதலில் தனக்கு வேண்டியவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும். இந்தக் கருவி வேண்டும், இந்த வசதி கெர்னலில் வேண்டும், இந்தப் பயனர் கணக்கு வேண்டும் என்று நிரலின் மேற்பகுதியிலேயே வரிவரியாக எழுதியிருப்பார்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் சோதனை அங்கேயே நின்றுவிடும். திரையில் ‘நாட் ரன்’ என்றும், அதற்குரிய காரணம் ஒரு வரியிலும் தோன்றும். சிவப்பு எச்சரிக்கை கிடையாது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு வரி கண்ணில் படாமலே மேலே போய்விடும். கடைசியில், எதுவும் தோற்கவில்லை என்றால் எல்லாம் தேர்ச்சி என்று சுருக்கம் வரும். ஓடாதவற்றின் பட்டியலும் அருகிலேயே இருக்கும்தான். ஆனால் ‘எல்லாம் தேர்ச்சி’ என்பதைப் பார்த்த பிறகு யார் அதை வாசிக்கிறார்கள்?

‘இது மோசமான வடிவமைப்பு அல்லவா? கருவி இல்லையென்றால் தோல்வி என்றே சொல்லிவிடலாமே’ என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்தால் அப்படிச் செய்ய முடியாது என்று புரிகிறது. எக்ஸ்ட்4ஐச் சோதிக்கும் ஒருவருக்கு, எக்ஸ்.எஃப்.எஸ்.இல் மட்டுமே உள்ள ஒரு வசதி இல்லை என்பது பிழையல்ல. ஆயிரம் சோதனைகளில் அவருக்குப் பொருந்தாதவை நூற்றுக்கணக்கில் இருக்கும். அத்தனையையும் தோல்வி என்று காட்டினால் உண்மையான தோல்வி அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். ஆகவே தாண்டிச் செல்வது நியாயமே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘இந்தக் கோப்பு முறைமையில் இந்த வசதியே கிடையாது’ என்பதும், ‘நீங்கள் ஒரு பொதியை நிறுவ மறந்துவிட்டீர்கள்’ என்பதும் திரையில் ஒரே ‘நாட் ரன்’ஆக வந்து நிற்கின்றன. முன்னது உண்மை நிலை. பின்னது கவனக்குறைவு. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது, என்னென்ன நிறுவ வேண்டும் என்று சொல்லும் ரீட்மீ கோப்பு மட்டுமே. பட்டியல் முழுமையாக இருந்து, அதன்படி நிறுவியும் ஒரு சோதனை ஓடவில்லை என்றால் உண்மையான காரணம் இருக்கிறது என்று நம்பலாம். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால், அதை நம்பி நிறுவிய ஒவ்வொருவரின் கணினியிலும் அதே சோதனைகள் சத்தமில்லாமல் தாண்டப்படும். எல்லாரும் எல்லாம் சரி என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பில்டு செய்யும் கட்டத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. மூலநிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதற்கு முன், கணினியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நிரல் துழாவிப் பார்க்கும். அது கேட்பவை இரண்டு வகை. சில கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வேலை அங்கேயே நின்று பிழைச் செய்தி வரும். சில இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மேலே போகும். எடுத்துக்காட்டாக, ஒரே நேரத்தில் பல எழுத்துப் பணிகளை வட்டுக்கு அனுப்பும் லிப்ஏ.ஐ.ஓ. என்ற நூலகம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் தலைப்புக் கோப்புகள் கணினியில் இல்லையென்றால், அதைச் சார்ந்த சோதனை நிரல்கள் பில்டு ஆவதே இல்லை. பில்டு வெற்றி என்றுதான் திரை சொல்லும். பிறகு சோதனை ஓட்டும்போது, ‘இந்த நிரல் பில்டு செய்யப்படவில்லை’ என்ற காரணத்தோடு அவை ஒவ்வொன்றாகத் தாண்டப்படும். கட்டாயச் சார்பு விடுபட்டால் பிழைச் செய்தியே காட்டிக்கொடுத்துவிடும், ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். விருப்பச் சார்பு விடுபட்டால் காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை. ஆபத்து அதிகம் உள்ளது இரண்டாவதில்தான்.

ஆஸ்டினிலிருந்து வந்த சோதனைகள்

தாண்டப்படும் சோதனைகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால் இழப்பின் அளவு விளங்கும். இங்கே நம் காதுக்குப் பழக்கமான சில பெயர்கள் வருகின்றன.

2014இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குழு ஒன்று, மின்சாரம் திடீரெனப் போனால் மென்பொருள்கள் தங்கள் தரவைச் சரியாகக் காப்பாற்றுகின்றனவா என்று ஆராய்ந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் மூன்று ஆசிரியர்கள்: தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாதன் அழகப்பன். 11 மென்பொருள்களைச் சோதித்ததில் 60 பலவீனங்கள் கிடைத்தன. எஸ்.கியூ.லைட், கிட் போன்று உலகமே பயன்படுத்தும் மென்பொருள்கள் சோதிக்கப்பட்ட பட்டியலில் இருந்தன.

பின்னர் விஜய் சிதம்பரம் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2018இல் அவரும் ஜெயஸ்ரீ மோகன், ஆஷ்லி மார்ட்டினெஸ், சௌஜன்யா பொன்னபள்ளி, பாண்டியன் ராஜு ஆகியோரும் சேர்ந்து கிராஷ்மங்கி என்ற கருவியை ஓ.எஸ்.டி.ஐ. மாநாட்டில் அறிமுகப்படுத்தினார்கள். குரங்கு கையில் பூமாலை என்போமே, ஏறக்குறைய அதே வேலைதான். கோப்பு உருவாக்குவது, பெயர் மாற்றுவது, இணைப்புக் கொடுப்பது போன்ற சின்னச் சின்னச் செயல்களை வகைவகையாக அடுக்கி, நடுவில் கணினி செயலிழந்ததுபோல் பாவனை செய்து, மீண்டும் திறந்து பார்க்கும். பழைய ஐந்து ஆண்டுகளில் பதிவான 26 பிழைகளில் 24ஐ அது திரும்பக் கண்டுபிடித்தது. அதோடு நிற்காமல் பட்டர்எஃப்.எஸ்., எஃப்2எஃப்.எஸ். ஆகியவற்றில் 10 புதிய பிழைகளையும் பிடித்தது. அவற்றில் ஏழு 2014 முதலே கெர்னலுக்குள் ஒளிந்துகொண்டிருந்தவை. சேமித்துவிட்டதாகக் கணினி உறுதி சொன்ன கோப்பு, மறுபடி திறந்தால் இல்லை என்ற அளவுக்குக் கடுமையான பிழைகளும் அவற்றில் இருந்தன.

கிராஷ்மங்கி வழியே உருவான சோதனைகள் பிறகு எஃப்.எஸ். டெஸ்ட்ஸ் தொகுப்பிலும் சேர்க்கப்பட்டன. ஜெனரிக் பிரிவின் 520ஆம் சோதனை அப்படி வந்ததுதான். இனி யாராவது கெர்னலை மாற்றும்போது அந்தப் பழைய பிழை திரும்ப நுழைந்தால் உடனே தெரிந்துவிடும்.

தெரிய வேண்டுமானால் அந்தச் சோதனை ஓட வேண்டும் அல்லவா? மின்சாரம் போனதுபோல் நடிப்பதற்கு, எழுதப்படும் தரவை வேண்டுமென்றே கைவிடும் ஒரு போலி வட்டு தேவை. லினக்ஸில் டி.எம். ஃப்ளேக்கி என்ற பகுதி அதைச் செய்கிறது. அதை இயக்க டி.எம். செட்டப் என்ற கட்டளை வேண்டும். கட்டளையோ கெர்னல் பகுதியோ கணினியில் இல்லாவிட்டால் 520ஆம் சோதனையின் முடிவு ‘நாட் ரன்’. ஐந்து ஆய்வாளர்கள் உழைத்துக் கண்டுபிடித்த ஒன்றின் காவல், ஒரு பொதி நிறுவப்பட்டதா இல்லையா என்பதில் போய் நிற்கிறது. ரீட்மீ பட்டியலில் எல்.வி.எம்.2 என்ற பெயரைப் பார்க்கும் புதியவர், ‘நான் அந்த வகை வட்டுப் பகிர்வைப் பயன்படுத்தவில்லையே’ என்று அதை விட்டுவிட வாய்ப்புண்டு. அதை நிறுவினால்தான் டி.எம். செட்டப் கூடவே வரும் என்று அந்தப் பெயர் சொல்லாது. பெயர்களை மட்டும் அடுக்காமல், எது எதற்காக என்று எழுதிவைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஒரே பொருளுக்கு மூன்று பெயர்

பட்டியல் எழுதுவதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். பெயர்தான் முதல் சிரமம். அதே லிப்ஏ.ஐ.ஓ. தலைப்புக் கோப்புகள் டெபியன், உபுண்டு இயங்குதளங்களில் ‘டெவ்’ என்று முடியும் பொதியில் இருக்கும். ஃபெடோராவிலும் சூசேவிலும் ‘டெவெல்’ என்று முடியும். முடிவு மட்டும் மாறினால் பரவாயில்லை. எக்ஸ்.எஃப்.எஸ். தலைப்புக் கோப்புகள் டெபியனில் எக்ஸ்.எஃப்.எஸ்.லிப்ஸ்-டெவ், ஃபெடோராவில் எக்ஸ்.எஃப்.எஸ்.ப்ராக்ஸ்-டெவெல். ஊருக்கு ஊர் ஒரே மீனுக்கு வேறு பெயர் இருப்பதைப் போலத்தான். அதனால்தான் ரீட்மீயில் இயங்குதளத்துக்கு ஒரு பட்டியலாகத் தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் புதிய பெயரைச் சேர்த்தால் மற்றவற்றிலும் சேர்க்க வேண்டும். விடுபடல் நடப்பது பெரும்பாலும் இங்கேதான். உபுண்டு வைத்திருப்பவர் உபுண்டு பட்டியலை மட்டும் திருத்திவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாவது, பட்டியல் பழசாகும். 2015இல் வந்த டெபியன் 8இல் லிப்டூல் என்ற பொதியை இரண்டாகப் பிரித்து, அதன் கட்டளையை லிப்டூல்-பின் என்ற தனிப் பொதியில் வைத்தார்கள். அதுவரை சரியாக இருந்த பட்டியல்கள் ஒரே நாளில் குறையுள்ளவை ஆயின. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தபோது, ‘பைத்தான்’ என்று மட்டும் எழுதியிருந்த பட்டியல்களை எல்லாம் ‘பைத்தான்3’ என்று திருத்த வேண்டி வந்தது. யாரும் தவறு செய்யவில்லை. உலகம் நகர்ந்துவிட்டது, எழுதிய தாள் நகரவில்லை.

சார்பு என்பது பொதியோடு முடிவதும் இல்லை. இந்தத் தொகுப்பு எஃப்.எஸ்.ஜி.க்யூ.ஏ. என்ற பெயரில் ஒரு பயனர் கணக்கை எதிர்பார்க்கும். 123456 என்று எண்ணில் தொடங்கும் பெயரோடு இன்னொரு கணக்கும் வேண்டும். எண்ணில் தொடங்கும் பெயரைச் சில கருவிகள் பயனர் எண் என்று தவறாக எடுத்துக்கொள்கின்றனவா என்று பார்ப்பதற்காக. இதை எந்தப் பொதி மேலாளரும் தானாக நிறுவித் தராது. ரீட்மீயைப் படித்தால் மட்டுமே தெரியும்.

மூன்றாவது சிரமம்தான் சுவையானது. பட்டியல் எழுதத் தகுதி அதிகம் உள்ளவர் என்று நாம் நினைக்கும் மூத்த நிரலாளருக்கு, உண்மையில் அது கடினம். அவருடைய கணினியில் எல்லாமே பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டிருக்கும். எது இல்லாவிட்டால் எது நிற்கும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பாட்டியிடம் மீன் கறிக்குப் பக்குவம் கேட்டால், ‘மசாலையைப் போட்டுக் கொதிக்க விடு’ என்பார். அந்த மசாலையில் என்னென்ன சேர்த்தார் என்பது அவருக்குச் சொல்லவேண்டிய செய்தியாகவே படாது. அது டின்னில் எப்போதும் தயாராக இருக்கிறது. வெறும் சமையலறையில் முதன்முதலாக நிற்பவருக்குத்தான் பட்டியலில் உள்ள ஓட்டை கண்ணில் படும்.

எனவே நேற்றுத்தான் லினக்ஸ் நிறுவிய ஒரு மாணவர் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர். அவரிடம் உள்ள வெறுமையான கணினியே அளவுகோல்.

கூலாயில் ஒரு தோட்டம்

ஜொகூரில் படிக்கும் நமக்கு இது தொலைதூரத்துச் சங்கதி அல்ல. கூலாயில் முன்பு கூலாய் யங் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மைய வளாகம் நிற்கிறது. செடெனாக், நூசாஜெயா பக்கமும் தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. செம்பனை மரங்கள் நின்ற இடத்தில் இப்போது சர்வர்கள். வீட்டில் பெரியவர்கள் பேசும்போது இந்த வேலைகள் என்றாலே மின்சாரம், குளிரூட்டி, கம்பி இழுப்பு என்றுதான் பேசுகிறார்கள். அவையும் நல்ல வேலைகளே. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் கடைசியில் பாதுகாக்கப்படுவது கோப்புகள். உலகின் மேகக் கணினிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. லினக்ஸின் கோப்பு முறைமைகளைச் சோதிப்பவர்கள் எங்கோ இருக்கட்டும், சோதனையைச் சோதிக்கும் வேலையை ஸ்கூடாயிலோ பத்து பகாட்டிலோ ஒரு விடுதி அறையில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

எப்படி? சாதாரண மடிக்கணினி போதும். அதில் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, டெபியனையோ ஃபெடோராவையோ குறைந்தபட்ச வடிவில் நிறுவ வேண்டும். கண்டெய்னர் எனப்படும் இலகுவான வழி இங்கே அவ்வளவாக உதவாது. வட்டுகளை ஏற்றுவது, இறக்குவது, கெர்னல் பகுதிகளை இயக்குவது எல்லாம் இந்தச் சோதனைகளின் அன்றாட வேலை, அதற்கு முழுக் கணினியே வசதி. மெய்நிகர் கணினிக்கு இரண்டு கூடுதல் வட்டுகளைக் கொடுக்க வேண்டும். ஒன்று சோதனை வட்டு, மற்றது ‘ஸ்கிராட்ச்’ வட்டு. இரண்டாவதை இந்தத் தொகுப்பு திரும்பத் திரும்ப அழித்து எழுதும். எக்காரணம் கொண்டும் உங்கள் படங்களோ இடுபணிகளோ உள்ள உண்மையான வட்டின் பெயரை அங்கே எழுதிவிடக்கூடாது. இதைத் தடித்த எழுத்தில் படித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரீட்மீயில் உள்ளதை மட்டும், உள்ளபடியே செய்ய வேண்டும். ‘இதுவும் வேண்டும் என்று எனக்கே தெரியுமே’ என்று எதையும் சேர்க்கக்கூடாது. பில்டு நின்றால் பிழைச் செய்தியைக் குறித்துக்கொள்ளலாம். எந்தத் தலைப்புக் கோப்பு இல்லை என்று அது சொல்லும். அந்தக் கோப்பு எந்தப் பொதியில் இருக்கிறது என்று தேட டெபியனில் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியும், ஃபெடோராவில் டி.என்.எஃப். மேலாளரின் ‘ப்ரொவைட்ஸ்’ கட்டளையும் உண்டு. பில்டு முடிந்ததும் ‘குவிக்’ என்ற சிறிய குழுவை ஓட்டிப் பார்க்கலாம். ‘ஆட்டோ’ என்ற பெரிய குழு பல மணி நேரம் இழுக்கும், தூங்கப் போகும்முன் தொடங்கிவிட்டால் நல்லது.

காலையில் எழுந்ததும் தேர்ச்சிப் பட்டியலைப் பார்க்கத்தான் கை போகும். அதை விட்டுவிட்டு ‘நாட் ரன்’ காரணங்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். வேலையின் சாரம் இதில்தான் இருக்கிறது, சலிப்பும் இதில்தான். இந்தக் கோப்பு முறைமைக்குப் பொருந்தாது என்பவற்றை ஒருபுறம் ஒதுக்கலாம். கெர்னலில் அந்த வசதி இயக்கப்படவில்லை என்பவை இன்னொருபுறம். எஞ்சி நிற்பவை: இந்தக் கட்டளை இல்லை, இந்த நிரல் பில்டு ஆகவில்லை, இந்தப் பயனர் இல்லை. ரீட்மீ சொன்னபடியே செய்தும் இவை வந்தால் ரீட்மீயில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஒரு பொதியைச் சேர்த்து மறுபடி ஓட்டி, அந்தச் சோதனை உயிர்பெறுகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்தைச் சேர்த்தால் எது எதற்கு மருந்து என்று தெரியாமல் போகும்.

கிடைத்ததைத் திருத்தமாக எழுதி அனுப்பும் முறையும் எளிது. மாற்றிய வரிகளை மட்டும் காட்டும் பேட்ச் ஒன்று, அதற்கு மேல் சில வரி விளக்கம், கீழே ‘சைன்ட் ஆஃப் பை’ என்று உங்கள் பெயர். இதை எழுதியவர் நானே, வெளியிடும் உரிமை எனக்கு உண்டு என்ற கையொப்பம் அது. 2004 முதல் லினக்ஸ் கெர்னல் உலகில் உள்ள வழக்கம். விளக்கத்தில் எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்தச் சோதனை எந்தக் காரணத்தால் ஓடவில்லை, இந்தப் பொதியைச் சேர்த்த பிறகு என்ன ஆனது என்று இருந்தால் போதும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. எஸ்.பி.எம். ஆங்கிலக் கட்டுரையில் தடுமாறுபவர்கூட இந்த நான்கு வரிகளைத் தெளிவாக எழுதிவிடலாம். மூத்தவர்கள் கேள்வி கேட்பார்கள், திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்வார்கள். ஒரு வரி மாற்றத்துக்கு மூன்று முறை கடிதப் போக்குவரத்து நடப்பதெல்லாம் இங்கே சகஜம். மனம் தளர வேண்டியதில்லை. ஏற்கப்பட்டால் உங்கள் பெயர் அந்த மூலநிரலின் வரலாற்றில் நிரந்தரமாக இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் நகலைவிட அது எளிதாகச் சரிபார்க்கக்கூடிய சான்று.

தமிழிலும் இதற்கு இடம் உண்டு. தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழிலேயே எழுதிவரும் கணியம் மின்னிதழ் 2012இல் தொடங்கியது. பொதிகளை நிறுவுவது, பிழைச் செய்தியை வாசிப்பது, பேட்ச் அனுப்புவது பற்றியெல்லாம் படிவம் 4 மாணவருக்குப் புரியும் தமிழில் நம் ஊர்ப் பிள்ளைகளும் எழுதலாம். சொற்களைத் தேடி அலைய வேண்டாம், மக்கள் வாயில் புழங்கும் சொல்லே போதும்.

கடைசியாக ஒன்று. பேட்ச் அனுப்பும்முன் இரண்டாவது மெய்நிகர் கணினி ஒன்றைப் புதிதாகத் திறந்து, உங்கள் திருத்திய பட்டியலை மட்டும் வைத்து முதலிலிருந்து ஒருமுறை செய்து பாருங்கள். முதல் கணினி இனி வெறுமையானது அல்ல.